வளைந்தே வளர்ந்த சங்கம்

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் நம்மூர்த் தலையங்கங்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இடம்பெறும். தேசிய ரைஃபிள் சங்கம் எனப்படும் என்.ஆர்.ஏ. இம்மியளவும் விட்டுக்கொடுக்காது என்பது ஒன்று. அதன் பணத்துக்குக் கட்டுப்பட்ட காங்கிரஸ் எந்தச் சட்டமும் இயற்றாது என்பது இன்னொன்று. அமெரிக்கத் தாராளவாதப் பத்திரிகைகளிலிருந்து வந்து இறங்கிய சரக்கு இது. சங்கமும் இதை மறுத்ததில்லை. மறுத்தால் சந்தா குறையும். சங்கத் தலைவராக இருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் 2000-ஆம் ஆண்டு மாநாட்டில் பழங்காலத் துப்பாக்கி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, செத்த பிறகுதான் இதை என் கையிலிருந்து பிடுங்க முடியும் என்ற பொருளில் முழங்கினாரே, அந்தப் படம் இரு தரப்புக்கும் வசதியாகப் போயிற்று. எதிர்ப்பாளர்களுக்கு அதில் ஓர் அரக்கன் தெரிந்தான். உறுப்பினர்களுக்குக் காவல் தெய்வம் தெரிந்தது.

துப்பாக்கி உரிமைக்காரர்களுக்குள்ளேயே சிலர் நெடுங்காலமாக வேறொன்று சொல்லிவந்தார்கள். என்.ஆர்.ஏ. விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும் சங்கம் என்றார்கள். அவர்களில் அதிகம் அறியப்பட்டவர் ரான் பால். டெக்சாஸ்காரர், மகப்பேறு மருத்துவர், குடியரசுக் கட்சி சார்பில் பல தவணைகள் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர், 2008-இலும் 2012-இலும் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டுப் பார்த்தவர். என்.ஆர்.ஏ.வுக்குப் போட்டியான ‘கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற அமைப்பை, வாஷிங்டனில் சமரசம் செய்யாத ஒரே துப்பாக்கி லாபி என்று அவர் பாராட்டினார். ‘ஒரே’ என்பதில்தான் குத்தல். போட்டி அமைப்பு அந்தச் சான்றிதழை ஆண்டுக்கணக்கில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது.

ரான் பாலின் அரசியலில் எனக்கு உடன்பாடானது மிகக் குறைவு. துப்பாக்கி வாங்க வருபவரைக் கூட்டரசு எதுவும் கேட்கக் கூடாது என்பவர் அவர். கேட்டே ஆக வேண்டும் என்பவன் நான். ஆனாலும் என்.ஆர்.ஏ. மீது அவர் தரப்பு வைத்த குற்றப்பத்திரிகை அநேகமாக வரிக்கு வரி உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தவறு. நம் தலையங்கங்களோ குற்றப்பத்திரிகையைப் பிரித்தே பார்க்கவில்லை.

2007-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்ற மாணவர் மனநல சிகிச்சை பெற வேண்டும் என்று 2005-லேயே ஒரு நீதிபதி உத்தரவிட்டிருந்தார். கூட்டரசுச் சட்டப்படி அவர் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர். ஆனால் அந்த உத்தரவு சரிபார்ப்புக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. கடைக்காரர் முறையாகக் கேட்டார். தடையில்லை என்று பதில் வந்தது.

அந்த ஓட்டையை அடைக்க மசோதா கொண்டுவந்தவர் நியூயார்க்கின் கரோலின் மெக்கார்த்தி. 1993-இல் லாங் ஐலண்ட் ரயிலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கணவரைப் பறிகொடுத்து, அதன் காரணமாகவே அரசியலுக்கு வந்தவர். என்.ஆர்.ஏ.வுக்கு அவர் கண்ணில் விழுந்த முள். நடுவில் நின்று பேசியவர் மிச்சிகனின் ஜான் டிங்கல். ஜனநாயகக் கட்சிக்காரர் என்றாலும் ஒருகாலத்தில் சங்கத்தின் இயக்குநர் குழுவிலேயே இருந்தவர். பேரம் படிந்தது. மாநிலங்கள் மனநல ஆவணங்களை அனுப்பப் பணம் கிடைக்கும். அனுப்பாவிட்டால் நிதி குறையும். பதிலுக்குச் சங்கம் கேட்டதும் கிடைத்தது. சரிபார்ப்புக்குக் கட்டணம் கிடையாது, தகுதியிழந்தவர்கள் மனுச் செய்து உரிமையைத் திரும்பப் பெற வழி உண்டு, முன்னாள் படைவீரர்களுக்கும் அந்த வழி திறக்கும். ஜூனில் மசோதா பெயர்வாரி வாக்கெடுப்புகூட இல்லாமல் குரல் வாக்கிலேயே நிறைவேறியது. எழுந்து எதிர்த்துப் பேசியவர் ரான் பால். அரசமைப்புச் சட்டத்துக்கு அப்பட்டமாக முரணானது என்றார். படைவீரர்களிடமிருந்து ஆயுதம் பறிக்கும் சட்டம் என்று கன் ஓனர்ஸ் அமைப்பு பெயர் சூட்டியது. 2008 ஜனவரியில் புஷ் கையெழுத்திட்டார்.

மெக்கார்த்தியும் என்.ஆர்.ஏ.வும் ஒரே மசோதாவின் பின்னால் நின்ற காட்சி, இம்மியும் வளையாத சங்கம் என்ற கதையில் எங்கே பொருந்துகிறது? அது விதிவிலக்கு என்று யாராவது சொன்னால், பழைய ஏட்டைப் புரட்ட வேண்டியதுதான்.

1871-இல் இரண்டு உள்நாட்டுப் போர் வீரர்கள் நியூயார்க்கில் இந்தச் சங்கத்தைத் தொடங்கியது, வடக்குப் படை சிப்பாய்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற கவலையில். அரசியல் நோக்கம் எதுவும் இல்லை. 1934-இல், அல் கபோன் காலத்துக் கும்பல் கொலைகளுக்குப் பிறகு, ரூஸ்வெல்ட் அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சங்கத் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக், 1920 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற வழக்கறிஞர், காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னார். ஆளாளுக்குத் துப்பாக்கியைச் சுமந்து திரிவதில் தமக்கு நம்பிக்கையில்லை, அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி உரிமத்தின் கீழ் மட்டுமே அனுமதிக்கலாம் என்றார். இன்று இதைச் சொல்லும் குடியரசுக் கட்சி வேட்பாளர் டெபாசிட்டுக்கே அல்லாட வேண்டியிருக்கும் (அங்கே டெபாசிட் முறை இல்லை என்பது அவருக்கு அதிர்ஷ்டம்).

1963-இல் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், சங்கத்தின் சொந்தப் பத்திரிகையான ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அஞ்சலில் வாங்கப்பட்டது. அதன் பிறகு அஞ்சல் விற்பனையைத் தடை செய்யும் மசோதாவை ஆதரித்துச் சங்கத்தின் நிர்வாகத் துணைத்தலைவர் ஃபிராங்க்ளின் ஆர்த் பேசினார். அதிபரைக் கொன்ற கருவியைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதை எந்த நல்ல அமெரிக்கனும் எதிர்க்க முடியாது என்பது அவர் வாதம். 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சில பகுதிகள் பிடிக்கவில்லை, ஆனால் மொத்தத்தில் இதோடு வாழலாம் என்று சங்கம் உறுப்பினர்களுக்குச் சொன்னது. கலிஃபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பினர் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் இறங்கியபோது, அதைத் தடுக்க 1967-இல் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்துக்கும் சங்கத்தின் ஆதரவு இருந்தது. கையில் வைத்திருப்பவன் யார் என்பதைப் பொறுத்துக் கொள்கை இளகியதைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை.

இதெல்லாம் பழங்கதை, 1977-இல் சங்கமே மாறிவிட்டது என்பது வழக்கமான பதில். மாறியது உண்மை. தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு மாற்றி, அரசியலைக் குறைத்து, வேட்டையிலும் இயற்கைப் பாதுகாப்பிலும் கவனம் செலுத்தலாம் என்று பழைய தலைமை திட்டமிட்டது. அந்த மே மாதம் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்த உறுப்பினர்கள் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். இரவு முழுதும் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். பொழுது விடிவதற்குள் தலைமை கவிழ்ந்து, ஹார்லன் கார்ட்டர் பொறுப்பேற்றார். அமெரிக்க அரசியல் வரலாற்றில் உட்கட்சிப் புரட்சிக்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் அதிகம் இல்லை.

ஆனால் தலையங்கங்கள் இந்த இரவோடு கதையை முடித்துவிடுகின்றன. மறுநாள் காலையிலிருந்து கார்ட்டரும் வாஷிங்டனில்தானே பிழைப்பு நடத்த வேண்டும்? அந்தப் புரட்சியின் மூளையாக இருந்த நீல் நாக்ஸ், காங்கிரஸ் உறுப்பினர்களிடம் மிகவும் முறைப்பாக நடக்கிறார் என்பதற்காக 1982-இல் அதே கார்ட்டரால் வெளியேற்றப்பட்டார். பிறகு இயக்குநர் குழுவுக்குள் திரும்பிவந்து மறுபடியும் மேலே ஏறிய நாக்ஸை, 1997-இல் துணைத்தலைவர் தேர்தலில் தோற்கடித்தவர் யார் தெரியுமா? துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துப் பின்னாளில் படம் எடுத்துக்கொண்ட அதே ஹெஸ்டன்தான். சமரசமின்மையின் சின்னமாக நாம் வைத்திருக்கும் முகம், சமரசவாதிகள் தீவிரவாதியை ஓரங்கட்டக் கொண்டுவந்த முகம்.

1986-இன் கதை இன்னும் வெளிப்படையானது. துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் சங்கத்தின் பல ஆண்டுக் கனவு. 1968 சட்டத்தின் பல பிடிகளை அது தளர்த்தியது. துப்பாக்கி உரிமையாளர்களின் பெயர்களைக் கூட்டரசு மையப் பதிவேடாகத் தொகுப்பதைத் தடை செய்தது. கடைசி நேரத்தில் நியூஜெர்சியின் வில்லியம் ஹியூஸ் ஒரு திருத்தத்தைச் செருகினார்: இனிமேல் தயாராகும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வாங்க முடியாது. மசோதாவையே கைவிடுவதா, திருத்தத்தோடு ஏற்பதா? சங்கம் ஏற்றது. திருத்தத்தைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ரீகன் கையெழுத்திட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தடை அப்படியே நிற்கிறது. ரான் பால் அணியினர் இன்றும் ஆறாத புண்ணாகக் காட்டுவது இதைத்தான்.

பிறகு 1993. பிரேடி சட்டம் துப்பாக்கி வாங்க ஐந்து நாள் காத்திருப்பை விதித்தபோது, அதற்கு மாற்றாக உடனடிக் கணினிச் சரிபார்ப்பை முன்வைத்ததே என்.ஆர்.ஏ.தான். 1998 நவம்பரில் அந்த முறை வந்ததும் காத்திருப்பு காலாவதியானது. கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1999-இல் சங்கத்தை நடத்திவந்த வெய்ன் லாபியர், துப்பாக்கிச் சந்தைகள் ஒவ்வொன்றிலும் கட்டாயச் சரிபார்ப்பு நியாயமானதே என்று காங்கிரஸ் குழுவிடம் சொன்னார். பின்னாளில் அவரே அதை எதிர்த்தார் என்பது வேறு கதை.

ஆக, குற்றப்பத்திரிகை சரி. இப்போது ரான் பாலிடம் திரும்புகிறேன். ஒவ்வொரு விட்டுக்கொடுத்தலும் துரோகம் என்கிறார்கள் அவர் தரப்பினர். விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக என்ன வாங்கினார்கள் என்ற கணக்கை அவர்கள் பார்ப்பதே இல்லை. 1934 மசோதாவின் முதல் வடிவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. சங்கம் பேசிப் பேசி அவற்றை வெளியே எடுத்தது. இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் துப்பாக்கி, சத்தம் குறைக்கும் குழாய் ஆகியவற்றோடு சட்டம் நின்றது. அன்று கைத்துப்பாக்கிகளுக்கும் பதிவும் வரியும் வந்திருந்தால், அமெரிக்கா இன்று முற்றிலும் வேறு நாடாக இருந்திருக்கும். 1968-இல் அதிபர் ஜான்சன் கேட்டது எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவு, எல்லா உரிமையாளர்களுக்கும் உரிமம். இரண்டும் இல்லாமல் வந்த சட்டத்தில் கையெழுத்திட்ட அன்றே, பலம் வாய்ந்த லாபி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது என்று அவர் வருந்திப் பேசினார். வாழலாம் என்று சங்கம் சொன்னது, தான் அஞ்சியதெல்லாம் வெட்டி எறியப்பட்ட பிறகு எஞ்சிய சட்டத்தைத்தான். 1986-இலும் இதே கணக்கு: அரிதாகவே விற்கும் ஒரு பண்டத்தைக் கொடுத்து, மையப் பதிவேடு என்ற யோசனைக்கே சமாதி கட்டினார்கள். கட்டுப்பாட்டை விரும்பும் என் பார்வையில் இவை ஒவ்வொன்றும் சங்கத்தின் பெரிய வெற்றிகள். துரோகம் என்று ரான் பால் அழுவது, ஆட்டத்தில் வென்றவனுக்காகத் துக்கம் விசாரிப்பதைப் போல இருக்கிறது.

அவர் கொள்கை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு 2005 சாட்சி. துப்பாக்கியால் நடந்த குற்றத்துக்காகத் தயாரிப்பாளர்மீதும் விற்பனையாளர்மீதும் இழப்பீட்டு வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுத்த சட்டம் அந்த ஆண்டு வந்தது. என்.ஆர்.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய சாதனை இது என்று பலர் கருதுகிறார்கள். ரான் பால் அதை எதிர்த்து வாக்களித்தார்! மாநில நீதிமன்றங்களின் இழப்பீட்டு வழக்குகளில் தலையிடக் கூட்டரசுக்கு அதிகாரமில்லை என்பது காரணம். நேர்மையான மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவரைப் போன்றவர்களால் மட்டுமே சங்கம் நடந்திருந்தால் துப்பாக்கித் தொழிலே வழக்குச் செலவில் மூழ்கியிருக்கக்கூடும். நமக்கு நல்லதுதான், அவருடைய ஆதரவாளர்களுக்கு?

ஓர் இடத்தில் அவர் தரப்பு சரியாகவும் சங்கம் தவறாகவும் கணித்தது. தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து 2003-இல் ராபர்ட் லெவி என்ற சுதந்திரவாத வழக்கறிஞர் தம் சொந்தப் பணத்தில் வழக்கு நடத்தக் கிளம்பினார். உச்ச நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று என்.ஆர்.ஏ. நடுங்கியது. தானே இணை வழக்கொன்றைத் தொடுத்து, இரண்டையும் ஒன்றாக்கி, லெவியின் வழக்கைத் திசைதிருப்பப் பார்த்தது. நடக்கவில்லை. 2008-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த ஹெல்லர் தீர்ப்பு, துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அறிவித்தது. தான் தடுக்கப் பார்த்த வழக்கின் வெற்றியை என்.ஆர்.ஏ. பிறகு தன் வெற்றியாகவே கொண்டாடியது.

லாஸ் வேகாஸ் விவகாரத்தில் யார் சொன்னது சரி என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2017 அக்டோபரில் ஹோட்டல் ஜன்னலிலிருந்து கீழே இருந்த இசைவிழாக் கூட்டத்தைச் சுட்டவரின் ரைஃபிள்களில், தானியங்கி வேகத்தில் சுட உதவும் பம்ப் ஸ்டாக் என்ற கருவி இருந்தது. நாலே நாளில் என்.ஆர்.ஏ. அறிக்கை விட்டது: இத்தகைய கருவிகளுக்குக் கூடுதல் ஒழுங்குமுறை தேவை, அரசுத் துறை இதைப் பரிசீலிக்கட்டும். எதிர்முகாம் வழக்கம்போல் கொதித்தது. டிரம்ப் அரசு 2018 டிசம்பரில் விதி போட்டுத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இல்லாததைத் துறை தானாக விதியாக்க முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. காங்கிரஸே சட்டமாகத் தடை செய்திருந்தால் இந்த வாதம் நின்றிருக்காது. சட்டம் வேண்டாம், துறை பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்று பேச்சை மடைமாற்றிவிட்டது யார்? வேண்டுமென்றே செய்தார்களோ, பயந்து செய்தார்களோ, விளைவு ஒன்றுதான்.

இவ்வளவையும் ஏன் கிளறுகிறேன் என்றால், என்.ஆர்.ஏ. வளையாது என்ற நம்பிக்கையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது: அந்த ஒரு சங்கத்தை உடைத்தால் போதும், கட்டுப்பாடு வந்துவிடும். உடைந்துதான் விட்டதே. 2020-இல் நியூயார்க் அரசு வழக்குத் தொடுத்தது. 2021-இல் திவால் என்று டெக்சாஸ் நீதிமன்றத்துக்கு ஓடி, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2024 ஜனவரியில் லாபியர் விலகினார். அடுத்த மாதமே ஜூரி, சங்கப் பணத்தை அவர் முறைகேடாகச் செலவழித்தது உண்மை என்றது. பெவர்லி ஹில்ஸ் கடையில் வாங்கிய உடைகளிலிருந்து தனி விமானம் வரை சந்தி சிரித்தது.

வாஷிங்டனில் இதன் விளைவு ஓரளவு தெரிந்தது. யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்ட மறுமாதம், 2022 ஜூனில், சங்கம் எதிர்த்தும் 15 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஆதரித்து ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. எதுவும் இயற்றாது என்று நாம் எழுதும் காங்கிரஸ்தான் இயற்றியது. அதற்காகப் பேச்சுவார்த்தை நடத்திய குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் கார்னினை அவருடைய டெக்சாஸ் கட்சி மாநாட்டிலேயே கூச்சலிட்டு அடக்கினார்கள். அந்தக் கூச்சலுக்கு என்.ஆர்.ஏ. பணம் தேவைப்படவில்லை.

நம் தலையங்கங்கள் தவறவிடுவது அந்தக் கூச்சலைத்தான். 2013-இல், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, என்.ஆர்.ஏ.விடம் ‘ஏ’ தரம் வாங்கிய இரண்டு செனட்டர்கள், மான்ச்சினும் டூமியும், சரிபார்ப்பை விரிவாக்கும் திருத்தம் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் சங்கத்தின் ஆட்கள் மான்ச்சின் தரப்போடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னர் செய்திகள் வந்தன. கன் ஓனர்ஸும் இன்னொரு போட்டி அமைப்பும் விஷயத்தை மோப்பம் பிடித்துத் தங்கள் உறுப்பினர்களைத் தூண்டிவிட்டன. சங்கம் பின்வாங்கி எதிர்ப்பில் இறங்கியது. 54 வாக்கு கிடைத்தும், 60 தேவை என்பதால் திருத்தம் செத்தது. அடுத்த ஆண்டு டெக்சாஸில் சிலர் உணவகங்களுக்குள் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனபோது, இது விசித்திரமான நடத்தை என்று சங்கத்தின் இணையதளம் கண்டித்தது. சில நாளிலேயே, அது ஓர் ஊழியரின் தனிக் கருத்து என்று சங்கம் மன்னிப்புக் கேட்டது. யாரிடம்? துப்பாக்கியோடு சாப்பிடப் போனவர்களிடம்!

ரான் பாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அவரை வெறும் தீவிரவாதி என்று ஒதுக்கவும் முடியாது. சாண்டி ஹூக்குக்குப் பிறகு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்று லாபியர் சொன்னபோது, அரசின் பாதுகாப்பு என்பதும் இன்னொரு வகை வன்முறையே என்று கட்டுரை எழுதியவர் அவர். அப்போது வந்த எதிர்வினைகளில் அது தனித்து நின்றது. ஆனால் அவருடைய கொள்கைப் பிடிப்பு மற்றவர்கள் கையில் வியாபாரமாயிற்று. 2021-இல் புலிட்சர் பரிசு பெற்ற, என்.பி.ஆர். வானொலியின் ‘நோ காம்ப்ரமைஸ்’ தொடர் இந்த வியாபாரத்தை நன்றாகத் தோலுரித்தது. மாநிலம் மாநிலமாகக் குழுக்கள் தொடங்கி, என்.ஆர்.ஏ.வையும் சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களையுமே துரோகிகள் என்று காணொளி போட்டு, அந்தச் சூட்டிலேயே நன்கொடை திரட்டும் தொழில் அது. அந்த எம்.எல்.ஏ. பயப்படுவது என்.ஆர்.ஏ.வின் காசோலைக்கு அல்ல; கட்சி வேட்பாளர் தேர்தலில் இந்த ஒரே பிரச்சினைக்காக வரிசையில் நிற்கும் சில ஆயிரம் வாக்காளர்களுக்கு.

2003 வரை, உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்த மாநிலம் அநேகமாக வெர்மாண்ட் மட்டுமே. 2024-இல் அந்த எண்ணிக்கை 29. என்.ஆர்.ஏ. வலுவோடு இருந்த காலத்தைவிட அது தள்ளாடிய காலத்தில் வேகம் கூடியது. வழக்கு, திவால், பதவி விலகல் எதுவும் அதைத் தடுக்கவில்லை. முன்பு ஒரு பேரம் பேச, எதிரில் உட்கார ஓர் ஆளாவது இருந்தார். மெக்கார்த்திக்கு ஒரு டிங்கல் கிடைத்தார். இப்போது உட்கார வருபவரைத் துரோகி என்பார்கள் என்று தெரிந்து யாரும் வருவதில்லை.

2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்துக்குள், 1934-இலிருந்து மாறாமல் இருந்த 200 டாலர் வரி, சத்தம் குறைக்கும் குழாய்களுக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் சுழியமாக்கப்பட்டது. பதிவு செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் தங்கியது. கையெழுத்தான அன்றே கன் ஓனர்ஸ் அமைப்பு மற்றவர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தது. 1937-இல் உச்ச நீதிமன்றம் அந்த 1934 சட்டத்தை அனுமதித்ததே அது வரி விதிப்பு என்ற காரணத்தால்தான். வரியே இல்லாதபோது பதிவேடு எதற்கு என்று கேட்கிறார்கள். வாதத்தில் வலு இருக்கிறது என்பதுதான் கவலை தருகிறது.